இருபத்தைந்துக்குள் ஒரு புயல்

என் மனைவி சித்தம்மாவின் பின்கழுத்தில் மூன்று மச்சங்கள் இருக்கின்றன. கொண்டையில் அவள் ஐந்து ஊசி குத்துவாள். தசரா என்றால் ஏழு. முப்பத்தொரு வருடம் அவளுடைய ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்கார்ந்து மைசூரைச் சுற்றியவன் என்பதால் இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஊரைப் பற்றித்தான் அவ்வளவாகத் தெரியாது. அரண்மனையை நான் முழுசாகப் பார்த்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவரை இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி, நடுவில் கொண்டை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த எட்டு. லைசென்ஸ் வாங்க நான் நான்கு முறை போனேன். முதல் முறை எட்டுக்குப் பதிலாக ஆறு விழுந்தது. இரண்டாம் முறை ஒன்பது. மூன்றாம் முறை நான் போட்ட உருவத்துக்கு உலகத்தில் இன்னும் எண் கண்டுபிடிக்கவில்லை. நான்காம் முறை என்னைக் கண்டதுமே அந்த அதிகாரி மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என்னோடு சேர்ந்து விண்ணப்பித்திருந்த சித்தம்மாவோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் தடவையே இரண்டு எட்டு போட்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்காம். என் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இத்தனைக்கும் சென்னிமலை என்கிற நான் முப்பத்துநாலு வருடம் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன். யானை உயர மோட்டார்கள் எல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒழுங்காக ஓட ஆரம்பிக்கும். இரண்டு சக்கரம் மட்டும் என்னை மதிக்கவில்லை.

அறுபத்தேழாவது வயதில் விடிவு வந்தது. மின்சார ஸ்கூட்டர் கடையில் மனிஷா என்ற பெண் எங்களுக்குச் சட்டத்தை விளக்கினாள். சித்தம்மாவின் கண் பெரிய வண்டி மேல் இருந்தது, ஏனென்றால் அதற்கு அரசாங்க மானியம் உண்டு.

"அங்கிள், மானியம் வர்ற வண்டிக்கு நம்பர் பிளேட் வேணும், ஓட்டுறவங்களுக்கு லைசென்ஸ் வேணும்" என்றாள் மனிஷா. "இந்தச் சின்ன வண்டிக்கு ரெண்டும் வேண்டாம். மோட்டார் இருநூத்தம்பது வாட்டுக்கு மேல இல்லை, வேகம் இருபத்தஞ்சைத் தாண்டாது. ஆனா மானியமும் இல்லை."

"லைசென்ஸ் வேண்டாமா?"

"வேண்டாம் அங்கிள்."

"எட்டு?"

"எட்டும் வேண்டாம்."

"ஏனுங்க, மானியத்தை உட்டுட்டு இந்தக் கொசுவை வாங்கறதுங்களா?" என்று சித்தம்மா கேட்டபோது நான் ஏற்கனவே கொசுவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சாலைக்கும் நடுவே கொண்டை இல்லை. உலகம் எவ்வளவு அகலம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஹெல்மெட் போடாமல் வாசல் தாண்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அவளும் ஒப்புக்கொண்டாள்.

இனி எங்கள் கல்பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவெம்புநகர்ப் பூங்காவின் வாசலில், சாலை சரிந்து இறங்கி முடியும் இடத்தில் அது இருக்கிறது. காலை நடை முடிந்ததும் நாங்கள் மூவர் அதில் உட்காருவோம். பழனிமுத்து, குண்டலுபேட்டையில் காய்கறி மண்டி நடத்தி மகனிடம் கொடுத்துவிட்டு வந்தவர். செல்லக்கண்ணு, தபால் துறையில் இருந்தவர். எங்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு: ஒருவர் கதை அளந்தால் மற்ற இருவரும் மறுக்கக் கூடாது, மறுக்காததோடு சாட்சியும் சொல்ல வேண்டும். மீறியவர் மூவருக்கும் காபி வாங்க வேண்டும். பழனிமுத்து விற்ற ஒரு பூசணிக்காயை லாரியில் ஏற்ற வழியில்லாமல் லாரியைப் பூசணிக்காய் மேல் ஏற்றினார்கள் என்றால், நான் கயிறு கட்டினேன் என்று சொல்லியிருக்கிறேன். செல்லக்கண்ணு சாமுண்டி மலைப் படியில் ஒரு சிறுத்தையைக் குடையால் தட்டித் துரத்தியபோது குடை பழனிமுத்துவுடையது. பதினோரு வருடத்தில் ஒருவரும் விதியை மீறியதில்லை.

ஆகையால் வண்டி வாங்கிய மூன்றாம் மாதம் நான் இப்படி ஆரம்பித்ததில் வியப்பில்லை: "வண்டிக்குள்ள வேகத்தைக் கட்டிவெச்சிருக்கற ஒயர் ஒண்ணு இருக்குது. எலக்ட்ரீஷியனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? கட்டிங் பிளேயரை எடுத்தேன், ஒரே வெட்டு. நேத்து ரிங் ரோட்டுல எழுவத்தஞ்சு! ஒரு ஆம்புலன்ஸ் எனக்கு வழி உட்டுச்சு."

உண்மையில் நான் எந்த ஒயரையும் தொட்டதில்லை. முந்தின நாள் ரிங் ரோட்டின் ஓரத்தில் நின்று, லாரிகளைப் பார்த்துப் பயந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஆனால் செல்லக்கண்ணு தொடையில் தட்டி, மைசூர் வழக்கப்படி என்னைக் குருவாக்கி, "குரு, இதை அப்படியே நம்ம வார்டு குரூப்ல வாய்ஸ் போடு" என்றார். போட்டேன். போடும்போது எழுபத்தைந்து எண்பதாகிவிட்டது.

நான்காம் நாள் காலை ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கிச் சேலையோ தொப்பியோ இல்லாமல், சாதாரண சுடிதாரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினார். கையில் தலைமுடி உலர்த்தும் மிஷின் போல ஒன்று.

"யஜமான்ரே, இந்தப் பச்சை வண்டி யாரோடது? நல்லா ஓடுமாமே?"

வண்டியை மெச்ச வந்த ரசிகை என்று நாங்கள் நினைத்ததில் தவறில்லை. பழனிமுத்து எழுந்தே நின்றுவிட்டார்.

"ஓடுமான்னு கேக்கறீங்க? பறக்கும்ங்க! அண்ணன் போனா எலை உதுரும். நேத்து இந்த மரத்துல எலையிருந்துச்சு, இன்னைக்குப் பாருங்க!"

"எண்பதுல போறப்ப கண்ணுக்கே தெரியாது மேடம்" என்றார் செல்லக்கண்ணு. "முதல்ல சென்னிமலை வருவார். அப்புறம் ஸ்வல்ப நேரம் கழிச்சுத்தான் சத்தம் வரும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால!"

நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மோட்டார் வாகன ஆய்வாளர், சௌம்யா. பிறகு செல்போனை எடுத்து அழுத்தினார். அதிலிருந்து என் குரல், எனக்கே அன்னியமான உற்சாகத்தோடு, "ஒரே வெட்டு!" என்றது.

"எனக்கு ஊர் கொள்ளேகால், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். தமிழ் நல்லா அர்த்தமாகுது" என்றார். "யஜமான்ரே, இருபத்தஞ்சைத் தாண்டாத வரைக்கும்தான் இது உங்க வண்டி. ஒயரை வெட்டி வேகத்தைக் கூட்டினா இது பெரிய வண்டிக் கணக்கு. நம்பர் இல்லை, லைசென்ஸ் இல்லை. ஜீப்புக்குப் பின்னால கட்டி எடுத்துட்டுப் போயிடுவேன். ஊர் பூரா இதே வேலை நடக்குது."

வண்டி போனால் மறுபடியும் பின் சீட்டு. மூன்று மச்சம், ஐந்து ஊசி.

"மேடம், அது பொய்ங்க. நான் எதையும் வெட்டலைங்க. சும்மா அளந்தேன்."

"சும்மா சொல்றார் மேடம்" என்றார் செல்லக்கண்ணு, விசுவாசத்தோடு. "அடக்கம் ஜாஸ்தி அவருக்கு."

"யோவ், செல்லக்கண்ணு!"

"நீ பயப்படாதே குரு, நாங்க இருக்கோம் அல்ல?"

பதினோரு வருடப் பழக்கம். கடிவாளம் போட்டாலும் நிற்காது. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்கள் இருவரும் மாறி மாறி என் புகழைக் காப்பாற்றினார்கள். பழனிமுத்து அந்தக் கட்டிங் பிளேயரைத் தானே இரவல் கொடுத்ததாகவும் சொல்லிவிட்டார்.

"பேச்சு போதும். ஓட்டிக் காட்டுங்க" என்றார் சௌம்யா. "மேல அந்த முக்குல இருந்து முழு வேகத்துல வாங்க. நான் இங்கே நின்னு அளக்கறேன்." தலைமுடி மிஷின் என்று நான் நினைத்தது வேகம் அளக்கும் கருவி.

மேலே போனேன். திருப்பினேன். இறங்கினேன். அந்தச் சாலையில் நான் எப்போதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் இறங்குவேன். இன்று முழு வேகம் என்று ஆணை. சத்தியமாகச் சொல்கிறேன், காது மடல் இரண்டும் முதுகுப் பக்கம் போய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பூங்காவில் நடந்தவர்கள் எல்லாரும் வேலி ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்குள் ஒரு பாதி ‘இன்னும், இன்னும்’ என்றது. மறு பாதி ‘ஐயோ, வேண்டாம்’ என்று கெஞ்சியது.

சௌம்யா கருவியை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார். இருபத்தெட்டு.

"மூணு ஜாஸ்தி, யஜமான்ரே."

"ஜாஸ்தியா? வெறும் இருபத்தெட்டா?" என்று செல்லக்கண்ணுவும் பழனிமுத்துவும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றத்தை நான் பார்த்ததே இல்லை. ஜீப் டிரைவர் கயிற்றை எடுக்கப் போனார்.

அந்த நேரத்தில்தான் பால் பூத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சித்தம்மா ஸ்கூட்டரை நிறுத்தினாள். கூட்டத்தை ஒரு பார்வை, கயிற்றை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. யாரும் சொல்லாமலே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"மேடம், இவரு சொல்றது எதுவும் நெசமில்லீங்க" என்றாள்.

"ஒயரை வெட்டலைன்னு சொல்றாரே, அதுவுமா?"

"அது மட்டும் நெசம்ங்க. கல்யாணமாகி இத்தனை வருசத்துல இவரு வாயிலிருந்து வந்த மொத நெசம், அதை நீங்க நம்பாமப் போனா எப்படிங்க?" சாலையைக் கையால் காட்டினாள். "இது எறக்கம்ங்க. இந்த எறக்கத்துல உட்டா இந்தப் பால் பாக்கெட்டே இருபத்தெட்டுல உருளும். இப்படியே திருப்பி மேட்டுல ஏத்தச் சொல்லுங்க. பின்னாடி நீங்களும் உக்காந்து மீட்டரைப் பாருங்க."

சௌம்யா சற்று யோசித்தார். பிறகு ஜீப்பிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, சுடிதாரின் துப்பட்டாவை முடிந்து, என் பின்னால் ஏறிவிட்டார். கருவி டிரைவர் கைக்குப் போனது.

அந்தப் பயணத்தை நான் எப்படி விவரிப்பேன்! முழு வேகத்தில் திருகினேன். வண்டி பெருமூச்சு விட்டது. பதினெட்டு. பதினான்கு. ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஒரு மூட்டை அரிசி இருந்தது. பதினொன்று. பாதி மேட்டில் பூக்கார கௌரம்மா தலையில் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைப் பிடித்தோம். அதற்கு மேல் தாண்ட முடியவில்லை.

"ஏன் அண்ணா, பூ வேணுமா?" என்று கேட்டாள் அவள், நடையை நிறுத்தாமலே.

"மல்லிகை எப்படி?"

"இப்பத்தான் கட்டினது."

"ரெண்டு முழம் கொடு."

அவள் நடந்தபடியே முழம் போட்டாள். நான் ஓட்டியபடியே பூவை வாங்கி, ஹேண்டிலில் தொங்கவிட்டேன். வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்தாள். பதில் முழுவதையும் சொல்ல நேரமிருந்தது. மேட்டின் உச்சியில், "காசு நாளைக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு எங்களை முந்திக்கொண்டு போய்விட்டாள்.

பின்னால் ஏதோ குலுங்கியது. வண்டிக்குக் கோளாறு என்று பயந்தேன். சௌம்யா சிரித்துக்கொண்டிருந்தார்.

மேட்டு முக்குக்கு அப்புறம் சமதளம். டிரைவர் ஜீப்பில் பின்தொடர்ந்து வந்து அங்கேயும் ஒரு தடவை அளந்தார். இருபத்துமூன்று. எந்த ஒயரும் அறுபடவில்லை என்று மூடியைத் திறந்தும் பார்த்தார்கள்.

"வண்டி உங்களுக்கே" என்றார் சௌம்யா, பெஞ்சுக்குத் திரும்பி வந்ததும். "ஆனா அந்த வாய்ஸைக் கேட்டு நாளைக்கு யாராவது நிஜமாவே ஒயரை வெட்டுவாங்க. அதே குரூப்ல, அதே குரல்ல உண்மையைச் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

செல்போனை வாயருகே பிடித்தேன். எண்பது கிலோமீட்டர் வீரன் சாகப் போகிறான். வேலி ஓரத்தில் அரை குவெம்புநகர் காது கொடுத்து நின்றது.

"வார்டு மக்களே, என் வண்டி இருபத்தஞ்சுக்கு மேல போகாது. நான் எந்த ஒயரையும் வெட்டலை. நீங்களும் வெட்டாதீங்க, வண்டி போயிடும். இன்னைக்கு மேட்டுல ஏறும்போது..." என்று சொல்லிவிட்டுச் சௌம்யாவைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. "...மேட்டுல ஏறும்போது என் சக்கரத்துல ஒரு சிலந்தி கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சும் பொரிச்சுடுச்சு. இந்த ஜில்லாவிலேயே அரசாங்கம் நேர்ல வந்து அளந்து, மெதுவான ஆள்னு உறுதி பண்ணின ஒரே மனுசன் நான்தான்."

"சிலந்தியை நானும் பார்த்தேன்" என்றார் செல்லக்கண்ணு உடனே.

"குஞ்சு ஏழுங்க" என்றார் பழனிமுத்து.

சௌம்யா ஜீப்பில் ஏறும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியதும் விட்டுவிட்டார். அப்புறம் பெஞ்சில் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. தன் புளுகைத் தானே மறுத்தவன் காபி வாங்க வேண்டுமா, வேண்டாமா? விதி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தீர்ப்பை நாளைக்கு ஒத்திவைத்தோம்.

சித்தம்மா தன் ஸ்கூட்டர் சாவியைப் பழனிமுத்துவிடம் நீட்டினாள். "அண்ணா, இதைச் சித்த வீட்டுல உட்டுருங்க. பால் உள்ள இருக்குது, பாத்து."

"நீ?" என்றார் அவர்.

"நானு இவரு கூட வாரேன்."

ஹேண்டிலில் இருந்த மல்லிகையை எடுத்துக் கொண்டையில் வைத்து, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் பின் சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை. வண்டியைக் கிளப்பினேன். பத்து வீடு தாண்டியதும் அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஏனுங்க, ஹெல்மெட்டுக்குப் பின்னால வெலைச் சீட்டு இன்னமும் ஒட்டியிருக்குது. மூணு மாசமா இதோடதான் சுத்தறீங்களா?"

"யாரும் சொல்லலையே!"

"அப்பறம் காதுக்குக் கீழ கழுத்துல ஒரு மச்சம் இருக்குதுங்க. பெருசா. எனக்குத் தெரியவே தெரியாது."

"மெதுவாத்தானே போறோம்" என்றேன். "இன்னும் எத்தனை இருக்குதுன்னு எண்ணிக்கிட்டே வா."