இரண்டு பட்டியலிலும் இருந்த படம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. என் சகலை சொன்னது. அவர் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவர். அடுத்தவர் பிழையே அவருக்குப் பிழைப்பு என்பதால் சொந்தக்காரர்கள் யாரும் அவருக்குக் கடிதம் எழுதுவதில்லை. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போகும்போது சொன்னார்.

"எங்க பத்திரிகையில சினிமா விமர்சனம் எழுதுற அம்மா இருக்காங்கல்ல, அவங்க ஒரு படத்துல பாதியில தூங்கிட்டு, முடிவு பிரமாதம்னு எழுதிட்டாங்களாம். படம் பிச்சுக்கிட்டு ஓடிடுச்சு."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு நல்ல சரக்கை இந்த மனுஷன் போகிற போக்கில் கொட்டிவிட்டு ஊறுகாய் தேடுகிறாரே என்று வயிறு எரிந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதை நான்தான் எழுதப்போகிறேன். திருட்டு என்றால் திருட்டுதான். (சகலை இதைப் படிப்பார். படித்துவிட்டு எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொல்வார்.)

2

"ஆண்டின் கடைசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, பத்திரிகை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மேற்படி விமர்சகி—"

வேண்டாம். கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

"தூக்கம் என்பது ஒரு சின்னச் சாவு என்றால், திரையரங்கு என்பது—"

இதுவும் வேண்டாம். இன்னும் இரண்டு வரி போனால் எனக்கே கண் சொக்கிவிடும்.

நேராகவே சொல்கிறேன். அது எனக்கு நன்றாக வரும்.

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவு தைரியம் யாருக்கும் இல்லை. பத்திரிகைக்காரர்களுக்கென்று போடும் இலவசக் காட்சிக்குப் போகமாட்டாள். டிக்கெட் வாங்கி, சனத்தோடு சனமாக உட்கார்ந்துதான் பார்ப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் எழுதிய அதிகபட்சப் பாராட்டு 'பரவாயில்லை'. "கறார் பரவாயில்லன்னு எழுதிருக்காங்களா? அப்ப கெளம்பு" என்று குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அவளிடம் இருந்தது அந்த ஒரே சொத்துதான், அவள் பேச்சை நம்பலாம் என்பது.

ஆண்டுக் கடைசியில் ஒரு கட்டுரை எழுதுவாள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அவள் தேர்ந்தெடுத்த சிறந்த பத்துப் படங்கள், வலப்பக்கம் அதிகம் வசூலித்த பத்துப் படங்கள். இடது, எல்லாரும் பார்த்திருக்க வேண்டியது. வலது, எல்லாரும் பார்த்தது. தலைப்பு வருஷா வருஷம் ஒன்றுதான்: 'பசி ருசி அறியாது'. கூட்டத்துக்குப் பசி, தனக்கு ருசி என்று அர்த்தம்.

(எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாலு பேர் பார்த்ததாலேயே ஒரு படம் உயர்ந்தது என்பதும், நாடே பார்த்ததாலேயே அது குப்பை என்பதும் ஒரே சோம்பேறித்தனம். கூட்டம் ஏன் வருகிறது என்று தெரிந்தவன் எவனும் கிடையாது. தெரியும் என்கிறவன் படம் எடுக்காமல் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறான். இருந்தாலும் இது அவள் கதை, என் வாயை மூடிக்கொள்கிறேன்.)

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோட்டை ஒரு படமும் தாண்டியதில்லை. இந்த வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. இடப்பக்கம் முதலாவது, வலப்பக்கம் ஒன்பதாவது. எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3

படத்தில் இரண்டே பேர். அப்பா லாரி ஓட்டுகிறார், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பின்னால் வண்டி நிறைய ஜன்னல் கண்ணாடி. உடையாமல் போய்ச் சேர வேண்டும். (படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது கைபேசியில் தேடிவிட்டு, "அப்படி ஒரு படமே இல்லையே ஐயா" என்று எழுதுவார்கள்.)

படம் வந்த அன்று, மதியக் காட்சி. எண்ணி முப்பது பேர். நடுவரிசையில் கறார், பக்கத்தில் அவள் தங்கை. தங்கைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை—

நிறுத்துங்கள். லாரியிலும் கண்ணாடி, கடையிலும் கண்ணாடி என்றால் விமர்சகர்கள் குறியீடு என்று கிளம்பிவிடுவார்கள். தங்கையைப் பல் மருத்துவரின் உதவியாளராக மாற்றியாயிற்று. வாயைத் திறக்கச் சொல்வாள், பஞ்சு வைப்பாள், "வலிக்காது" என்று பொய் சொல்வாள்.

இடைவேளை வரை கறார் இருட்டிலேயே குறிப்பெடுத்தாள். இடைவேளைக்குப் பிறகு திரையில் மழை பிடித்துக்கொண்டது. லாரியின் வைப்பர் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அவள் தூங்கிவிட்டாள்.

படத்தின் மேல் தப்பில்லை. அதற்கு முந்தைய எட்டு மாதம் அவர்களுடைய அப்பா படுக்கையில் கிடந்தார். பகலில் தங்கை பார்த்துக்கொள்வாள், ராத்திரி இவள். அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். நிற்கும்போதெல்லாம் இவள் எழுந்து உட்காருவாள். அவர் போய் ஐந்து வாரம் ஆகியும் இவள் காது காவலை விடவில்லை. கேட்க ஒன்றும் இல்லாத வீட்டில் விடிய விடியக் கேட்டுக்கொண்டு கிடப்பாள்.

விளக்கு வந்தபோது தலை தங்கையின் தோளில் இருந்தது. தங்கையின் கண் சிவந்திருந்தது. தூங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஏதோ சரிபார்க்கிற மாதிரி கறார் கேட்டாள்.

"கடைசி எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமே நடக்கலக்கா. சும்மா உக்காந்திருந்தேன். ஆனா அழுகை அழுகையா வந்துச்சு. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மாலை ஆறு மணிக்கு விமர்சனம் போயாக வேண்டும். முதல் பாதியைப் பற்றித் தான் பார்த்ததை எழுதினாள். கடைசி வரியில் தங்கை சொன்னதை எழுதினாள்: "கடைசிக் காட்சியில் ஒன்றுமே நடக்கவில்லை, அழுதுவிட்டேன். சாகும்வரை மறக்க மாட்டேன்."

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். தங்கை ரொம்ப நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். எனக்கும் தங்கைகள் உண்டு, அவர்கள் இப்படி இல்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்: அக்காவின் சிவப்புக் கைப்பையை ஒருநாள் இரவல் என்று வாங்கிப்போய் மூன்று வருஷமாகத் தரவில்லை. கேட்டால், "எந்தப் பை?" என்பாள்.

5

கறாரே அழுதுவிட்டாளாம்! ஊரெல்லாம் இதே பேச்சு. இரண்டாவது வாரம் அந்த வாக்கியம் சுவரொட்டியில் ஏறியது. ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம், அடியில் அவள் பெயர். மூன்றாவது வாரம் வரிசை தெருமுனை வரை நின்றது. பேருந்தில் அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் கறார் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டான். முதல் படம் எடுத்த பையன். "கடைசிக் காட்சிய வெட்டிடுன்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. நீங்க ஒருத்தங்கதான் புரிஞ்சுக்கிட்டீங்க."

"நல்லா இருங்க தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடி போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். நானும் சகலையிடம் அதைத்தான் கேட்டேன், அவர் தோளைக் குலுக்கினார். நான் சொல்கிறேன்: பயம். முடிவு மட்டமாக இருந்துவிட்டால்? ஊரையே வரிசையில் நிறுத்திவிட்டு, பத்து மாதமாக அவள் அந்தப் பயத்தோடு இருந்தாள்.

இப்போது ஆண்டுக் கடைசி. ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரெண்டு பட்டியல்லயும் இருக்குற ஒரே படம். அட்டைப்படமே அதான், உங்க வாக்கியத்தோட. அந்தக் கடைசிக் காட்சியப் பத்தி மட்டும் மூணு பத்தி எழுதிக் குடுங்க. சனிக்கிழம நாலு மணிக்குப் பக்கம் கீழ அச்சுக்குப் போயாகணும்."

கறார் விசாரணையில் இறங்கினாள், விமர்சகிக்கே உரிய தந்திரத்தோடு. "உங்களுக்கு அந்த முடிவு எப்படிப் பட்டுச்சு?"

தையல்காரர்: "மகன் நடு வழியில எறங்கிப் போயிடுறான்மா, பாவம்."

வங்கிக் காசாளர்: "எங்க எறங்குறான்? அவன்தான் வண்டிய ஓட்டிட்டுப் போறான். அப்பா தூங்குறாரு."

ஆசிரியர்: "தூங்குறாரா? அவர் செத்துட்டாரும்மா!"

மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறை. போதாததற்கு மேசையில் கட்டுரையின் முதல் பிரதி வந்து கிடந்தது. தலைப்புக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், என் சகலையின் கையெழுத்து: "முழுப் பழமொழி: பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது. பாதி விட்டுப்போயிருக்கிறது." அந்த மனுஷன் சும்மா வேலையைப் பார்த்திருக்கிறார். கறார் 'நித்திரை' என்ற சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

6

சனிக்கிழமை மதியம், தங்கை வேலை செய்யும் இடத்துக்கு நேராகப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரம். தங்கை கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அந்த லாரி படத்தோட முடிவ ஒழுங்கா சொல்லுடி. ஒண்ணு விடாம."

"முடிவா? நான் எங்கக்கா படத்த பாத்தேன்?"

"என்ன சொல்ற?"

"உன்னத் தோள்ல சாச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தேன். கை மரத்துப் போச்சு. பின் வரிசையில ஒருத்தன் இருமினான். திரும்பி ஒரு முறை முறைச்சேன் பாரு, படம் முடியற வரைக்கும் அந்தாளு தொண்டையக் கூடச் செருமல."

"அப்ப சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்னு சொன்னது?"

"உன்னத்தான். அப்பா போனதுக்கப்புறம் நீ தூங்கி அன்னிக்குத்தான் பாத்தேன். வேற எத?"

"கடைசி எப்படின்னு கேட்டேனேடி!"

"கடைசில நீ குறட்ட விட்டக்கா. அத உங்கிட்ட சொல்லவா முடியும்?" கழற்றிய கையுறையைச் சுருட்டிக்கொண்டே தங்கை சொன்னாள்: "போஸ்டர்ல நம்ம வார்த்தையப் பாத்ததும், நீ வேணும்னேதான் எழுதியிருக்கேன்னு நெனச்சேன். நமக்கு மட்டும் தெரியட்டும்னு. அந்தப் பக்கம் போறப்பல்லாம் நின்னு படிச்சுட்டுப் போவேன்."

கறாருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகை. அவள் வெட்கப்பட்டு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட அதே சுவருக்கு முன்னால் தங்கை பெருமையாக நின்றிருக்கிறாள். தங்கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டாள். உள்ளே வாயில் பஞ்சோடு யாரோ "ஙே" என்று கூப்பிட்டார்கள்.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

வசூல் முடிவு: விருது மேடை. அவள் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "நான் பொய் சொன்னேன்!" என்கிறாள். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. இயக்குநர் ஓடிவந்து, "அக்கா!" என்கிறான். மேலேயிருந்து காகிதப் பூ.

சிறந்த பட முடிவு: அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாய் தெருவைக் கடக்கிறது. முற்றும்.

இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டரை மணிக்கு, பக்கத்துச் சின்ன அரங்கில் அந்தப் படத்தின் கடைசி ஆட்டம். அதோடு எடுத்துவிடுகிறார்கள். படம் முடிய நாலே முக்கால் ஆகும், பக்கம் நாலுக்குப் போய்விடும். வரிசையில் நின்றபடியே கறார் கைபேசியில் எழுதினாள்:

"இந்தப் படத்தின் கடைசி ஒரு மணி நேரத்தை நான் பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன். சுவரொட்டியில் உள்ள வாக்கியம் படத்தைப் பற்றியது அல்ல. என் தங்கை என்னைப் பற்றிச் சொன்னது. அதை நம்பித்தான் நீங்கள் வரிசையில் நின்றீர்கள். மன்னியுங்கள். வலப்பக்கப் பட்டியலில் இந்தப் படம் இருப்பதற்கு நான் பொறுப்பு. இடப்பக்கம் இதன் முதலிடத்தை எடுக்கமாட்டேன். மாதக்கணக்காகத் தூங்காத ஒருத்தியை இது தூங்கவைத்தது. இந்த வருஷம் வேறெந்தப் படமும் எனக்கு அதைச் செய்யவில்லை."

அதன் கீழே ஆசிரியருக்குத் தனியாக: "இத அப்படியே போடுங்க. இல்லன்னா எங்கயும் என் பேரப் போடாதீங்க. கூப்பிடாதீங்க, படத்துல இருப்பேன்."

அனுப்பினாள். கைபேசியை அணைத்தாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர், "மறுபடியுமாம்மா?" என்றார். "மொதல் தடவங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

8

நான் இத்தோடு எழுந்துகொள்கிறேன். இப்போது ஆசிரியர் நாற்காலியில் நீங்கள். கைப்பிடியில் பஞ்சு பிதுங்கியிருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அந்த வாக்கியத்தோடு, அவள் பெயரோடு. இதை உள்ளே போட்டால் இவ்வளவு நாள் அவளை நம்பியவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். விமர்சகி தூங்கிய படம் என்று அந்த இயக்குநர்ப் பையனை ஊர் ஓட்டும், அவன் அடுத்த படம் என்ன ஆகுமோ. போடாவிட்டாலும் பக்கம் நிற்காது. படத்தை இரண்டு தடவை பார்த்த துணை ஆசிரியர் கடைசிக் காட்சியைப் பற்றி மூன்று பத்தி எழுதி வைத்திருக்கிறார். அருமையான பத்திகள். அடியில் அவள் பெயரையும் போட்டாயிற்று. அவள் படம் முடிந்து வருவதற்குள் அச்சு ஓடிவிடும்.

இரண்டும் உங்கள் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கின்றன. மணி மூன்று ஐம்பத்தெட்டு. கீழேயிருந்து அச்சுக்காரர் கூப்பிடுகிறார்.

"மெஷின் ரெடிங்க. எதப் போடட்டும்?"