குடை பிடிக்காத எலும்புக்கூடு

மிட்டாய் வாங்கிப் போட்டிருந்த தலையணை உறையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடீன் ஆறாவது வீட்டுப் படியில் நின்றாள். எட்டு வயது, தேவதை வேஷம். ஆனால் கிளம்பும்போது அம்மா மேலே குளிர்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டதால், அட்டையில் வெட்டிய இறக்கைகள் உள்ளேயே மடங்கி முதுகில் புடைத்துக்கொண்டிருந்தன. "என்ன, தேவதைக்குக் கூன் விழுந்திருச்சா?" என்று முந்தைய வீட்டில் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் இறக்கையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அவள் வாயைப் பார்த்து அல்ல.

அமெரிக்காவின் டெமாய்ன் நகரத்துப் பிள்ளைகள், வேஷம் போட்டு மிட்டாய் கேட்கும் ஹாலோவீனுக்கு முந்தைய நாளே, ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை வீடு வீடாகப் போவார்கள். சும்மா கையை நீட்டினால் யாரும் மிட்டாய் போடமாட்டார்கள். வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். திக்குவாய்க்காரிக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன இருக்கிறது? போன வருஷம் எல்லா வீட்டிலும் அண்ணன் கிளிஃப்தான் அவளுக்கும் சேர்த்துச் சொன்னான். அந்த வீட்டுப் பெண்கள் இவள் கன்னத்தைத் தட்டி, "பரவால்ல கண்ணு, நீ சொல்ல வேண்டாம், எடுத்துக்கோ" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த மிட்டாய்களை அவள் சாப்பிடவும் செய்தாள். ஆனாலும் அவை இன்னொருத்தர் பையிலிருந்து எடுத்ததுபோலவே இருந்தன.

இந்த வருஷம் அவளே யோசித்து ஒரு ஜோக் கண்டுபிடித்திருந்தாள். ஒரு வாரமாகப் பூனையிடம் சொல்லிப் பழகினாள். பூனையிடம் நாக்கு திக்குவதே இல்லை. இரவில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, ஒரே ஒரு வீட்டுல மட்டும் திக்காம பார்த்துக்கோங்க" என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் முதல் வீட்டிலேயே 'ம' என்ற எழுத்தில் அவள் மாட்டிக்கொள்ள, கிளிஃப் முந்திக்கொண்டு அவளுடைய ஜோக்கை அவனே சொல்லிவிட்டான். அடுத்த நான்கு வீட்டிலும் அதேதான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் செய்த ஜோக்குக்கு அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்கள்.

"இ... இந்த வீட்டுல நான் சொ... சொல்றேன்" என்றாள் நடீன்.

"எட்டு மணிக்குள்ள தெருவை முடிக்கணும்டீ" என்றான் கிளிஃப். அவன் கெட்டவனல்ல. பதினோரு வயது, அவசரக்காரன், அவ்வளவுதான். "சரி, சொல்லு. சீக்கிரம்."

கதவைத் திறந்தவர் திரு. வோன்ட்ரா. டயர் ஆலையில் வேலை; நாற்பது வயதிருக்கும். கை நிறைய மெழுகுத்தாளில் சுற்றிய சோளப்பொரி உருண்டைகள். உள்ளிருந்து சூப்பு வாசனை வந்தது. முதல் வீட்டிலிருந்தே கூட வந்த ஐந்தாறு பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் ராண்டல். முகமெல்லாம் கரி பூசி, கொள்ளைக்காரன் வேஷம்.

"ம... ம... ம..."

"டேய், கன்னுக்குட்டிய எவன்டா கூட்டிட்டு வந்தது?" என்றான் ராண்டல். வரிசை சிரித்தது.

கிளிஃப் வாயைத் திறந்தான். திரு. வோன்ட்ரா அவனைப் பார்க்கக்கூட இல்லை. விரலை மட்டும் லேசாக உயர்த்தினார். பிறகு உருண்டைகளைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். இப்போது அவர் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"ம... மழையில எ... எலும்புக்கூடு ஏன் கு... கு..."

"குடை பிடிக்கல!" என்று கத்தினான் ராண்டல். "நனையறதுக்கு அதுகிட்ட என்ன இருக்கு! இதைத்தான் அஞ்சு வீடா கேக்குறோமே. அடுத்த ஆளு!"

 நடீனிடம் ஒரே ஒரு ஜோக்தான் இருந்தது. அதுவும் போய்விட்டது.

திரு. வோன்ட்ரா காதைக் குடைந்துகொண்டார். "யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. ஆலைச் சத்தத்துல என் காது போயே போச்சு பாப்பா. நேரா எதிர்ல நின்னு பேசுறவங்க சொன்னாத்தான் விழும். ஏன் பிடிக்கல?"

"என்னங்க!" உள்ளிருந்து அவர் மனைவி எட்னாவின் குரல். "சூப்பு பொங்குது, வந்து பாருங்க!"

"பொங்கட்டும்!" என்று உடனே பதில் கொடுத்தார் காது கேளாதவர்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தமுறை அது நடீனைப் பார்த்து அல்ல. அவர் காத்திருந்தார். தலையாட்டவில்லை, அவள் வார்த்தையை எடுத்துக்கொடுக்கவில்லை. வேறு வேலையே இல்லாத மனிதர்போல முழங்காலில் கையை வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக அவள் மேலே ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள். கடைசியில், "நனையறதுக்கு அ... அதுகிட்ட என்ன இருக்கு?" என்று முடித்தாள்.

ஒரு கணம் அவர் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

எட்னா கரண்டியோடு வெளியே வந்தாள். "அடி பிடிச்சுப் போச்சு. அப்படி என்னதான் சிரிப்பு?"

"உட்காரு எட்னா. பாப்பா, இவளுக்கும் ஒரு தடவை சொல்லும்மா. நான் சொன்னா நல்லா இருக்காது."

நடீன் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் திக்கியது, முன்னைவிட அதிக நேரம்கூட ஆகியிருக்கும். எட்னா கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். வரிசையில் ஒருவரும் நகரவில்லை, ராண்டல்கூட.

நடீனுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திக்கல் முழுதாகப் போகவில்லை. அதனால் தன் ஜெபம் கேட்கப்படவில்லை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை; ஆண்டவர் ஆள் அனுப்பித்தானே பதில் சொன்னார். அந்த ஆள் வாசலில் சொன்ன ஒரு பொய்யையும் ஆண்டவர் கணக்கில் வைத்திருக்கமாட்டார் என்று நம்புகிறாள். அடுத்த வசந்தத்தில் வோன்ட்ரா தம்பதி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் நன்றி சொல்லவே இல்லை. படுக்கைக்கு முன் அவள் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளும் ஆட்களின் வரிசையில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

 அன்று ஏழாவது வீட்டில் கிளிஃப் வழக்கம்போல முதலில் படியேறி அழைப்புமணியை அழுத்தினான். பிறகு என்ன தோன்றியதோ, இரண்டு படி கீழே இறங்கி, ஓரமாக நின்றுகொண்டான். கதவு திறந்து வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. நடீன் வாயைத் திறந்தாள். அந்தக் குளிரில் முதலில் வெளியே வந்தது ஒரு சின்ன வெண்புகை.