ஏழாவது ஆள்

விடியற்காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் பள்ளிப் பேருந்தை நாளெல்லாம் ஓட்டியதில், கண்ணை மூடினாலும் ஓட்டுநர் ஆர்டித்தின் மனசுக்குள் சாலை ஓடிக்கொண்டேயிருந்தது. மாலை ஏழு மணிக்குப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் கட்சிக் கூட்டம் கூடியபோதும் அவள் பாதித் தூக்கத்தில்தான் இருந்தாள். ஈரக் கோட்டுகளிலிருந்து ஆவி எழுந்தது. குரல்கள் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டன.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவதில்லை. பிடித்தவரின் மூலையில், ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும். அன்று வந்தவர்கள் நாற்பத்தாறு பேர். ஏழு பேர்கூடச் சேராத மூலை கலைந்துவிடும்; அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போக வேண்டும்.

"மேக்லின்தான் ஜெயிப்பாரு, எழுதி வச்சுக்கோங்க" என்று முழங்கினான் டுவெய்ன். ஆர்டித்தின் கணவன், கவர்னர் மேக்லினுக்காக இந்த வட்டாரத்தில் ஆள் திரட்டுகிறவன். ஒரு மாதமாகத் தொலைபேசியும் கையுமாகவே இருந்தான்.

"டன்வுடிய நிறுத்தினா தெற்கே ரெண்டு மாநிலம் கூடக் கிடைக்கும்" என்றார் மருந்துக்கடை வைத்திருந்த லோவெல்.

"அவரு பேசினா மாடுகூடக் கொட்டாவி விடும், லோவெல்!" என்றாள் பக்கத்துப் பண்ணை இர்மா.

"கொட்டாவி விடறவங்களும் ஓட்டுப் போடறாங்கல்ல?"

"ஓல்டாக்கரம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கு அவங்களத்தான் பிடிக்கும்" என்றாள் இர்மா. "ஆனா மத்தவங்க போட மாட்டாங்களே."

இதே வாக்கியத்தை ஆர்டித் இன்னும் இரண்டு வாய்களில் கேட்டாள். யார் அந்த மற்றவர்கள்? ஊரே இங்குதான் இருந்தது. வெளியே பனிக்குள் எங்கோ இன்னொரு ஊர் மங்கலாக நிற்பதுபோலவும், முகம் தெரியாத அந்த ஊருக்குப் பயந்து இந்த ஊர் மூலை மாறுவதுபோலவும் அவளுக்குத் தோன்றியது.

இலையுதிர் காலத்தில் மிரியம் ஓல்டாக்கர் ஓட்டுக் கேட்டுப் பேருந்துக் கொட்டகைக்கு வந்திருந்தார். கடைசிப் பண்ணைக் குழந்தை எவ்வளவு நேரம் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் என்று கேட்டார். எழுபது நிமிடம் என்றாள் ஆர்டித். அவர் அந்த எழுபது நிமிடத்தை மனசுக்குள் உட்கார்ந்து பார்ப்பவர்போல் நின்றார்.

ஆர்டித் எழுந்தாள். தரையின் வண்ணக்கோடுகளைத் தாண்டி ஓல்டாக்கரின் மூலைக்குப் போனாள். தான் நடக்கிறோமா, தரை நகர்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அங்கே ஐந்து பேர் இருந்தார்கள். அவள் ஆறாவது.

"இன்னும் ஒரு ஆள் வேணும். பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றார் எண்ணிக் குறித்த லோவெல்.

எல்லோர் கண்ணும் டுவெய்ன் மேல். அவன் காது சிவக்க மனைவியிடம் வந்தான்.

"என்ன ஆர்டித் இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்ட? யாரு ஜெயிப்பாங்கன்னுதான ஒரு மாசமா சொல்லிட்டிருக்க."

"அந்தம்மா ஜெயிக்க முடியாதும்மா."

"சரி. உனக்கு யாரப் பிடிக்கும்?"

டுவெய்னிடம் தொலைபேசியில் நூறு பேருக்குச் சொன்ன பதில்கள் இருந்தன. இந்தக் கேள்விக்கானது அவற்றில் இல்லை. அவன் உயர்ந்த ஜன்னல்களைப் பார்த்தான். அவற்றின் பின்னால் பனி சத்தமின்றி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு சட்டையிலிருந்த மேக்லின் பெயர் போட்ட ஒட்டுச்சீட்டை மெதுவாக உரித்து, மடித்துப் பையில் வைத்தான்.

"தள்ளி நில்லு" என்றான். "எனக்கும் இடம் வேணும்ல."

மேக்லின் மூலையில் கூச்சல் எழுந்தது. "பொண்டாட்டிதாசன்!" என்று கத்தினார் ஒருவர். டுவெய்ன் சிரித்துவிட்டான். அந்த ஏழாவது தலையால், கட்சியின் அடுத்த கட்டக் கூட்டத்துக்கு மேக்லின் சார்பில் போகவிருந்த மூன்று பிரதிநிதிகள் இரண்டானார்கள். ஓல்டாக்கருக்கு ஒருவர்.

நாற்காலிகளை மடக்கும்போது இர்மா ஆர்டித்தின் காதருகே குனிந்தாள். "ஆள் சேரும்னு தெரிஞ்சிருந்தா நானும் வந்திருப்பேன்."

மாநிலத்தில் மேக்லின்தான் ஜெயித்தார். ஓல்டாக்கர் நான்காவதாக வந்து, அந்த வாரமே விலகிக்கொண்டார். ஒரு காலை வானொலியில் அவர் விலகிய செய்தியைக் கேட்டதும், "சொன்னேன்ல?" என்றான் டுவெய்ன். சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் வெளியே போய், அவளுடைய பேருந்தின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்தான்.