தட்டைச் சக்கரம்

ராமபத்ரனைக் கமலாக்ஷிக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மேல்மாடியில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, நாற்பது ரயில் சரக்கு வேகன்களின் முதலாளி என்று சொல்லிக்கொள்கிற மனிதர். வேகன்கள் நிற்பதோ பாலம் தாண்டி, தீவில் ஒரு தனியார் பக்கத் தண்டவாளத்தில், சைடிங்கில். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுதபூஜைக்குச் சந்தனம் தெளிக்க மட்டும் அங்கே போவார்.

பழைய மாதிரிச் சக்கரங்களையும் பேரிங்குகளையும் மார்ச்சுக்குள் கழற்றிவிட வேண்டும் என்று ரயில்வே உத்தரவு வந்திருந்தது. பழைய சக்கரத்தின் நடுத்தகடு தட்டையாக இருக்கும். நெடுநேரம் பிரேக் பிடித்துச் சூடேறினால் விரிசல் விடும். புதியதில் தகடு வளைந்திருக்கும், சூட்டைத் தாங்கும். பழைய பேரிங்கில் கிரீஸ் வற்றினால் அச்சே எரிந்து முறியும். புதியது அடைத்து மூடியே வருகிறது. எல்லாம் மாற்றியாயிற்று என்று சான்று தர வேண்டியவள் உரிமம் பெற்ற பரிசோதகரான கமலாக்ஷி.

செவ்வாய்க்கிழமை காலை அவள் போனபோது, புதுச் சக்கரம் பூட்டிய விழாவென்று சைடிங்கில் பந்தல், குத்துவிளக்கு, விருந்தினர்கள், பேனர். பேனரில் ராமபத்ரனின் முகம் வேகனைவிடப் பெரிதாக இருந்தது. சக்கரங்கள் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தன.

கமலாக்ஷி பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, குந்தி உட்கார்ந்து, முதல் சக்கரத்தின் தகட்டில் வைத்தாள். மேஜைமேல் வைத்தாற்போல் ஒட்டிக்கொண்டது. விரலிலும் பெயிண்ட் ஒட்டியது.

"புதுச் சக்கரம் எங்கே அண்ணா?" என்று பக்கத்தில் வந்து நின்ற ராமபத்ரனைக் கேட்டாள்.

"எல்லாம் புதுசுதான். ஒரு சாயா குடி, பின்னே பார்க்கலாம்."

"இது வளைஞ்ச தகடா?"

"ஒரு பக்கமா நோக்கினா வளைஞ்சுதானே இருக்கு."

அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. கெட்டிக்காரத் திருடனிடம் கொஞ்சம் மரியாதையாவது தோன்றும். இந்த மனிதருக்கு ஏமாற்றுவதற்கும் ஒரு டப்பா பெயிண்டுக்கு மேல் மெனக்கெட மனமில்லை.

பக்கத்தில் நின்ற பிட்டர் வீரபாண்டியிடம் பேரிங் மூடியைக் கழற்றச் சொன்னாள். தென்காசிக்காரரான அவர் மூன்று போல்ட்டையும் கழற்றினார். உள்ளே கிரீஸ் காய்ந்து அரக்காகியிருந்தது.

"பெயிண்ட் அடிக்கத்தான் சொன்னாங்க மேடம். வேற ஒண்ணும் சொல்லல," என்றார், தரையைப் பார்த்தபடி.

ராமபத்ரன் கமலாக்ஷியைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப்போனார். கோபமே இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். போன வருஷத்துச் சான்று: நாற்பது வேகன்களையும் அடியில் இறங்கிச் சோதித்தேன், விரிசல் ஏதுமில்லை. அடியில் கமலாக்ஷியின் கையெழுத்து.

"ஒப்பு யாரோடது? அன்னிக்கு நல்ல மழை. நீ என் ஆபீஸ்ல உட்கார்ந்து பழம்பொரி தின்னுண்டே போட்டுத் தந்தே. நான் யார்ட்டயாவது சொன்னேனா? நானும் நீயும் ஒண்ணுதான் கமலாக்ஷி. இதுலயும் போட்டுடு."

நினைவிருந்தது. ஜூலை மாதம். சேற்றில் தவழச் சோம்பல்பட்டு, இருபது நிமிஷத்தில் நாற்பது கையெழுத்து. இத்தனை நாளாக அவருக்கென்றே சேர்த்துவைத்திருந்த அருவருப்பில் பாதி இப்போது அவள் பக்கம் திரும்பியது. அவர் பொய் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்த நகல் எனக்கு வேணும்," என்றாள்.

"கிழிக்கவா? வேற இருக்கு."

"கிழிக்க இல்லை."

நகலை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, வீரபாண்டியிடம் டார்ச் வாங்கிக்கொண்டு முதல் வேகனுக்கு அடியில் போனாள். ஒவ்வொன்றாகத் தவழ்ந்தாள். பந்தலில் விருந்தினர்கள் லட்டு தின்றுவிட்டுக் கலைந்தார்கள். பதினோராவது வேகனில், பெயிண்டைச் சுரண்டியதும், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. சரக்கு ஏற்றிக்கொண்டு பாலக்காடு வரை, பயணிகள் ரயில் ஓடும் அதே பாதையில், இத்தனை மாதமாக இது போய்வந்திருக்கிறது. சிறிது நேரம் அங்கேயே ஜல்லிமேல் படுத்துக் கிடந்தாள்.

சாயங்காலம் அறிக்கையை அனுப்பினாள். நாற்பதும் ஓடத் தகாதவை. கடைசிப் பத்தியில், சென்ற ஆண்டு பார்க்காமலே கையெழுத்திட்டேன் என்று எழுதி, நகலையும் சேர்த்திருந்தாள்.

வேகன்கள் நிறுத்தப்பட்டன. அவளுடைய உரிமம் மூன்று வருஷத்துக்குப் போயிற்று. இப்போது தேவராவில் ஒரு பட்டறையில் சக்கரம் அளக்கிறாள். கையெழுத்துப் போடுவது வேறொருவர். ராமபத்ரன் வேறு வழியில்லாமல் புதுச் சக்கரங்கள் வாங்கிப் பூட்டினார். அடுத்த மாதமே வியாபாரிகள் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது, பழையதை ஒழித்த முன்னோடி என்று. ஏற்புரையில் அவர் பாதுகாப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமபத்ரன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு கமலாக்ஷியின் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து, மின்விசிறியைப் போடச் சொல்லி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஸாரமில்லை, கேட்டியா. போனது போகட்டும். மனசுல பகை ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு," என்றாள் கமலாக்ஷி.

அவர் வேடிக்கை என்று நினைத்து நன்றாகச் சிரித்தார். குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.