உறையில் மிஞ்சிய ஐந்து விதைகள்

ஐந்து விதைகளையும் ஆரின் சிறிய அரத்தால், ஈரம் உள்ளே இறங்கும்படி, ஒவ்வொன்றாக உரசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு இடது கை உதவாது. விதையை நான் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா, கிழவா. என் விரலும் சேர்ந்து முளைச்சிடப்போகுது."

"இன்னொரு எலோய்சாவா? இந்த டூசான் ஊர் தாங்காதும்மா."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

சிரிகாவா மலையில் ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருந்த, காலையில் பூத்து வாடிவிடும் காட்டுக் காலைப்பூக்கொடியின் விதைகள் அவை. பெருந்தீயில் அந்தச் சரிவு எரிந்தது. அடுத்த மழையில் சாம்பல் வெள்ளம் பள்ளத்தாக்கைப் பாறைவரை வழித்துக்கொண்டு போனது. கால் நடக்கும்வரை, ஒவ்வோர் ஆகஸ்டும் ஆரின் போய்த் தேடினார். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிவைக்கும் தாவரக் காப்பகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து அந்தக் கொடிக்கு நான்கே தாள்கள். அவர் 1983இல் சேகரித்த தாளில் மட்டும்தான், ஓரத்தில் ஒட்டிய காகித உறைக்குள், முற்றிய விதைகள் இருந்தன. அவற்றை எடுத்து முளைக்க வைக்கக் காப்பகம் அனுமதித்தது.

அப்போது காப்பகத்தில் வேலை பார்த்த நான்தான் அந்தச் செடியைத் தாளில் ஒட்டியவள். "பத்து மணிக்கு பூ வாடிடும்னு பாறைமேலயே வச்சு அழுத்திட்டேன், பாருங்க," என்று என் மேசையில் வைத்தார். நீலம் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு எங்களுக்குத் திருமணம்.

விதைகளை மணலில் ஊன்றி, சமையலறை ஜன்னலில் வைத்தோம். காலையில் காபிக்கு முன்பே தொட்டியிடம் போவார். மூன்றாம் நாள், ஏழாம் நாள். பதினொன்றாம் நாள் பென்சில் முனையால் ஒரு விதையைத் தோண்டி நகத்தால் அழுத்தினார். கூழாக வந்தது. மற்ற நான்கும் அப்படித்தான்.

"நான்தான் கெடுத்தேன். தண்ணிய ஊத்தி ஊத்தி அழுக வச்சிட்டேன்," என்றார். உதடு கோணியது.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"தண்ணி இல்ல ஆரின். நான். எம்பத்தஞ்சுல அலமாரில வண்டு விழுந்துச்சே, ஞாபகமிருக்கா? அதக் கொல்ல எல்லாத் தாள்கட்டையும் மைக்ரோவேவ்ல வச்சோம். உன்னுதையும் வச்சேன். செடி கெடாது, விதை வெந்துடும்னு யாருக்கும் அப்போ தெரியல."

"எத்தன நிமிஷம்?"

"ரெண்டு. உன்னோடதாச்சே, வண்டு ஒண்ணும் மிஞ்சக்கூடாதுன்னு... இன்னொரு ரெண்டு."

நகத்தில் ஒட்டிய கூழைத் தொட்டி விளிம்பில் துடைத்தார்.

"அரத்தால தேய்க்கறப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீ சிரிச்ச. சொல்ல வாய் வரல."

தாளிலிருந்து எதை எடுத்தாலும் ஒரு சீட்டு எழுதி அதிலேயே ஒட்டவேண்டும். அது காப்பக வழக்கம். மறுநாள் காப்பகத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விதை ஐந்து எடுக்கப்பட்டது. ஒன்றும் முளைக்கவில்லை.

பேனாவை மூடினேன்.

"காரணத்தையும் எழுது."

"ஆரின்..."

"பின்னாடி எவனாவது காலி உறையப் பாத்துட்டு ஏன்னு கேப்பான். எழுது. கீழ உன் பேரப் போடு."

எழுதினேன். பூவுக்குக் கீழே சீட்டை ஒட்டி, பசை காயும்வரை மேலே ஈயக்கட்டியை வைத்தேன். வீடு வரும்வரை அவர் கார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.