ஐந்துக்கு ஒரு வீடு

எங்கள் வாய்க்கால்கரையில் கதவில் எண் விழுந்தால் பயம். விழாவிட்டால் இன்னும் பயம். எதிர்க்கரையை இடித்தபோது எண் விழுந்த குடும்பங்களுக்கு நகரத்துக்கு வெளியே வீடு கிடைத்தது. விழாதவர்களுக்குத் தகரமும் பலகையும்தான் மிச்சம். மணிலாவில் கரையோரம் இருக்கிற எவருக்கும் இது தெரியும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் ரொவீனாவும் இதைப் புத்தகத்தில் படித்தவள்தான். சாக்பீஸைக் கையில் எடுத்தபோது அது அவளுக்குத் தோன்றவில்லை. கூடவே நடந்த எனக்கும் தோன்றவில்லை.

நான் எடித்தா. சுகாதார நிலையத்துத் தொண்டூழியர். வெளியே வீடு கிடைத்தவர்கள்கூட ஏன் கரைக்கே திரும்பி வருகிறார்கள் என்று ஆராய வந்திருந்தாள் அந்தப் பெண். வீடு வீடாகக் கூட்டிப் போனது நான்தான்.

"இருநூத்திப் பத்து வீட்டையும் கேக்க வேணாம்க்கா. மூணாவது வீட்ல ஆரம்பிச்சு அஞ்சுக்கு ஒண்ணு கேட்டாப் போதும். மொத்தக் கரையும் தெரிஞ்சிரும்."

கேட்ட வீட்டுக்கு மறுபடி வரவேண்டும் என்பதற்காகக் கதவில் சாக்பீஸால் ஓர் எண். அப்படி நாற்பத்திரண்டு கதவுகள். என் கதவில் ஒன்பது. ஒட்டினாற்போல் இருக்கும் என் தங்கை நிம்ஃபாவின் கதவில் ஒன்றுமில்லை.

அன்று மாலையே நிம்ஃபா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என் கதவு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"இது வெறும் படிப்புக்குத்தான்டி. அஞ்சுல ஒருத்தரக் கேட்டாப் போதுமாம்."

"அஞ்சுல ஒருத்தர் சோறு தின்னா மத்த நாலு பேருக்கும் வயிறு நெறஞ்சிருமா? உனக்கென்ன, உன் கதவுல இருக்கு."

பத்து நாள் கழித்து அவள் பயந்தபடியே ஆயிற்று. வட்டார அலுவலக எழுத்தர் தாதோவுக்கு, கரையை இடிக்குமுன் வீடுகளைக் கணக்கெடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம். தாதோ மகா சோம்பேறி. கதவுகளில் எண் இருப்பதைப் பார்த்தான், கடைசி எண்ணைப் படித்தான், 'நாற்பத்திரண்டு வீடுகள், எண் போட்டாகிவிட்டது' என்று எழுதி அனுப்பிவிட்டான். மறுநாள் காலை அதிகாரி வருவாராம். எண் போட்ட கதவின் முன் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்து, மாற்று வீட்டுக்கான சீட்டுக் கொடுப்பாராம்.

நான் போன் செய்ததும் ரொவீனா ஓடிவந்தாள். தாதோவிடம் கெஞ்சினாள்.

"அனுப்பினது அனுப்பினதுதாம்மா. கதவுல என்ன இருக்கோ அதத்தான் அவங்க பாப்பாங்க," என்றான்.

"அப்ப எல்லாக் கதவுலயும் எழுதிருவோம்," என்றாள் நிம்ஃபா.

எதிர்க்கரையில் அப்படிச் சொந்தமாக எழுதிக்கொண்டவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்லி பட்டியலிலிருந்தே தள்ளிவிட்டார்கள். நான் அதை நினைவுபடுத்தினேன். ரொவீனா பக்கத்துக் கதவிலிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"அழிச்சிரலாம். எண்ணே இல்லன்னா அவங்களே எண்ணித்தான் ஆகணும்."

வாளித் தண்ணீரும் துணியுமாகக் கதவு கதவாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் நின்று கேட்டாள். திட்டினார்கள், அழுதார்கள், கடைசியில் தலையாட்டினார்கள். இருட்டுவதற்குள் நாற்பத்தொன்று போய்விட்டது. ஒன்பதை மட்டும் அழிக்க விடாமல் என் கதவில் சாய்ந்து நின்றேன்.

"நீங்க சம்மதிச்சுத்தான் எழுதினேன்க்கா. நீங்க சொன்னாத்தான் அழிப்பேன்."

"நீ பரீட்சை எழுதிட்டுப் போயிருவ. திரும்ப எண்ண வருவாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? வராமலே இடிச்சுட்டா?" என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. உள்ளே என் மகன் இளைப்போடு இருமிக்கொண்டிருந்தான். அவனை வைத்துக்கொண்டு பாலத்தடியில் படுக்க என்னால் முடியாது.

ரொவீனா துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். நிம்ஃபா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "விடு பாப்பா. அக்கா ஒருத்திக்காவது கெடைக்கட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காலையில் அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கேமரா. கரை முழுவதும் நடந்துவிட்டு என் கதவுக்குத் திரும்பி வந்தார்.

"நம்பர் போட்டது இது ஒண்ணுதான். நாற்பத்திரண்டுன்னு எழுதியிருந்தாங்க. சரி, நமக்கும் வேலை மிச்சம்," என்று உதவியாளரிடம் சொன்னார். "வாய்க்கால்கரை, தகுதியுள்ள வீடு ஒண்ணுன்னு போட்டுக்கோ. ஏம்மா, புள்ளையோட வந்து நில்லு."

மகனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேமராவைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் கரையே கூடி நின்றது. நிம்ஃபா தன் நான்கு பிள்ளைகளையும், படத்தில் விழாமல் இருக்க, ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

நான் திரும்பி, எச்சில் தொட்ட உள்ளங்கையால் ஒன்பதைத் தேய்த்தேன். சரியாக அழியவில்லை. சட்டை நுனியால் மறுபடி தேய்த்தேன்.

"என்னம்மா பண்ற?"

"இங்க இருநூத்திப் பத்து வீடு இருக்கு சார். எண்ணிட்டு எழுதுங்க."

அவர் வாட்சைப் பார்த்தார். மகனின் தோளை அழுத்தியிருக்க வேண்டும், வலிக்கிறது என்றான்.

"மொத வீடு எது?" என்று அலுப்போடு கேட்டார்.

கோடியில் இருக்கும் மீன்கடையைக் காட்டினேன். அங்கிருந்து என் வீடு நாற்பத்து மூன்றாவது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முதல் கதவைத் தட்டினார். மூன்றாவது கதவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாட்சைப் பார்த்தார். இன்னும் இருநூற்றேழு கதவுகள் இருந்தன.