எதிர்க்கட்சி போட்ட காபி

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் எதிர்க்கட்சி. வைத்தவர் என் மாமனார். நான் வேலை பார்க்கிற அரசு மருத்துவமனை மீது அவர் வழக்குப் போட்டிருக்கிறார். நான் அதே மருத்துவமனையின் வழக்குப் பிரிவில் அதிகாரி. அவருடைய வழக்கை மட்டும் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், அதுதான் முறை. ஆனால் மாமா முறையெல்லாம் பார்க்கிற ஆளா? சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "எதிர்க்கட்சி வந்தாச்சு, பேச்சை நிறுத்துங்கப்பா."

நடந்தது இதுதான். மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வலது முழங்காலுக்குள் சவ்வு கிழிந்திருந்தது. சின்னத் துளை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றார்கள், சேர்த்தோம். மயக்கம் தெளிந்து பார்த்தால் கட்டு இடது காலில் இருக்கிறது! உள்ளே பார்த்து, கால் நன்றாக இருப்பது தெரிந்ததும் பேசாமல் மூடிவிட்டார்கள். நல்ல கால் ஆறிவிட்டது. கெட்ட கால் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. இன்னும் தள்ளிப்போட்டால் மூட்டே வீணாகி, மனிதர் நடக்கவே முடியாமல் போய்விடும். இந்த வட்டாரத்தில் அந்த ஆபரேஷனுக்கு எங்கள் மருத்துவமனையை விட்டால் வேறு இடம் கிடையாது. மாமாவோ அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

பிடிவாதம் அதோடு நின்றதா? என் கையால் காபி குடித்தால் வழக்கின் பலம் போய்விடுமாம். நான் போட்ட காபி மேஜையில் ஆறிக்கொண்டிருக்கும். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துச் சமையலறைக்குப் போய்த் தானே கலப்பார். திரும்பி வருவதற்குள் பாதி தரையில் சிந்தியிருக்கும். என் கணவர் இருக்கிறாரே, அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வார். அப்பா பக்கம் ஒரு தலையாட்டல், என் பக்கம் ஒரு தலையாட்டல், அதிலேயே காலத்தை ஓட்டுகிற மனுஷன்.

மாமா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்படிம்மா நடந்துச்சு? அதை மட்டும் சொல்லு."

மருத்துவமனை நடத்திய உள்விசாரணையில் வெளிவந்தது எனக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. நாட்டிலுள்ள அரசு மருத்துவமனைகள் எல்லாம் ஒரே வாரியத்துக்குக் கீழே. தவறு நடந்துவிட்டால் டாக்டர் வாய் திறக்கக் கூடாது, மன்னிப்பு என்ற சொல்லே வரக் கூடாது, எதுவானாலும் வழக்குப் பிரிவுதான் பேசும் என்பது வாரியத்தின் விதி. மாமாவுக்கு ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டர், வராந்தாவில் மாமாவைக் கண்டதும் பாதி வழியில் திரும்பி நடந்தார். அதை மாமா இன்னும் மறக்கவில்லை. அந்த டாக்டர், "ஒரு தடவை அவர்கிட்ட பேச விடுங்க மேடம்" என்று எங்கள் பிரிவின் வாசலில் வந்து நிற்பதை நான் மறக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம் மாதிரி அடி வாங்கிக்கொண்டிருந்தவள் நான்.

இந்த லட்சணத்தில் மருத்துவமனை இயக்குநர் ஒரு கூட்டம் கூட்டினார். சுவரில் ஒரு வரைபடம். மருத்துவத் தவறு வழக்குகள் ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறுகின்றன என்று வாரியம் அனுப்பியது. கோடு ஏறியது ஏறியபடியே இருந்தது, இறங்குகிற எண்ணமே இல்லை. காரணம் கேட்டார் இயக்குநர். டிவியில் வரும் வக்கீல் விளம்பரம் என்றார் ஒருவர். ஜனங்களுக்குப் பேராசை என்றார் இன்னொருவர். பக்கத்து மேஜைக்காரர் செல்போன்தான் காரணம் என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். வழக்குப் போட்டவர்களிடமெல்லாம் முதலில் பேசுகிறவள் நான், அத்தனை பேரும் எடுத்தவுடன் சொல்வது ஒரே வாக்கியம்தான், பேராசை பிடித்தவர்கள் பேசுகிற பேச்சு அது இல்லை என்றேன். என்ன வாக்கியம் என்று கேட்டார்.

"'யாருமே வந்து சொல்லல.' அவ்வளவுதான் சார். அந்தக் கோட்டை மேல ஏத்தறது வக்கீல் இல்ல. நாமதான்."

ஒரே ஒரு வழக்கில், ஒரே ஒரு டாக்டரைப் பேசவிட்டுப் பாருங்கள் என்றேன். எந்த வழக்கு என்றார். சொன்னேன். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். மாமா முன்பு வழக்குப் பிரிவு வாசலில் நின்று போட்ட சத்தம் அவர் காதில் இன்னும் ஒலித்திருக்க வேண்டும். ஆனால் வாரியத்துக்கு ஏதாவது ஒரு யோசனை அனுப்பியே ஆக வேண்டிய நெருக்கடி அவருக்கு.

"சரி. பலிச்சா நம்ம யோசனை. பலிக்கலேன்னா உங்க மாமனார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எலும்பு டாக்டர் வீட்டுக்கு வந்தார். மாமா உட்காரச் சொல்லவில்லை. என் கணவர் வழக்கம்போல் செய்தித்தாளைத் தேடினார், நான் அதை ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்தேன்.

டாக்டர் நின்றபடியே சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். பேன்ட்டைத் தொடை வரை சுருட்டினார். வலது முழங்காலின் உட்பக்கத்தில் ஓர் அம்புக்குறி வரைந்தார். பிறகு எங்கள் சோபாவில், அவ்வளவு பெரிய டாக்டர், முட்டியோடு முட்டி சேர்த்துப் பக்கவாட்டில் சுருண்டு படுத்துவிட்டார். என் கணவருக்கு வாய் பிளந்துவிட்டது.

"அன்னிக்கு மை காயறதுக்குள்ள நீங்க இப்படித்தான் தூங்கிட்டீங்க ஐயா" என்றார் படுத்தபடியே.

மாமா எப்போதும் அப்படித்தான் தூங்குவார். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் பஸ் சீட்டில் சுருண்டு படுத்துப் பழகிய உடம்பு. டாக்டர் எழுந்து இரண்டு கால்களையும் காட்டினார். வலது காலில் அம்பு கலைந்து வெறும் கறையாக இருந்தது. இடது காலில் அச்சடித்த மாதிரி புத்தம் புது அம்பு. அன்றைக்குக் கறையைப் பார்த்த நர்ஸ் அதைத் துடைத்துவிட்டார். மிஞ்சியது இடது கால் அம்பு.

மாமா குனிந்து அந்தக் கால்களையே பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் படுத்ததுதான் தப்பா?"

பக்கத்து மேஜைக்காரர் கோர்ட்டில் சொல்லத் தயாராக வைத்திருந்ததும் அதேதான்.

"இல்ல ஐயா. நோயாளி எப்படி வேணா படுக்கலாம். உங்க ஸ்கேன் படம் என் கண்ணு முன்னாலதான் மாட்டியிருந்துச்சு. நான் அம்பைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் குரல் உடைந்துவிட்டது. பேன்ட் இன்னும் சுருட்டியபடியே இருந்தது. மாமா கைத்தடியை ஓரமாகச் சாய்த்தார்.

"டாக்டர், நான் வண்டி ஓட்டினவன். ஒருத்தனை இடிச்சுட்டா உடனே கீழ இறங்கிடணும். இறங்கினா திட்டோட போயிடும். உள்ளயே உட்கார்ந்திருந்தாத்தான் கல்லு விழும். கீழ இறங்க உங்களுக்கு இத்தனை மாசமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். கதவைப் பூட்டி வைத்திருந்தவர்கள் நாங்கள்தான் என்று சொன்னேன். மாமா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "உட்காருங்க டாக்டர், முதல்ல அந்தப் பேன்ட்டை இறக்கி விடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் டாக்டரைத் திட்டித் தீர்த்தது ஒரு தனிக் கதை. டாக்டர் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு அதே டாக்டர்தான் வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். ஆபரேஷன் அன்று காலை டாக்டர் வலது காலில் அம்பு போட்டதும், மாமா பேனாவை வாங்கித் தன் இடது முழங்காலில் ஏதோ எழுதினார். குனிந்து படித்த நர்ஸுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "இந்த நிறுத்தத்தில் நிற்காது" என்று எழுதியிருந்தது. மை காயும்வரை கால்களை அகட்டிவைத்துக்கொண்டு அரசர் மாதிரி படுத்திருந்தார்.

வழக்கை அவர் திரும்பப் பெறவில்லை. டாக்டரை மன்னித்தது வேறு, வாரியத்தை விடுவது வேறு என்றார். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து அவர் தூக்கத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, தவறை ஒப்புக்கொண்டார்கள், வழக்கு சமரசத்தில் முடிந்தது. எலும்புப் பிரிவில் இப்போது டாக்டர்களே நேரில் போய்ப் பேசுகிறார்கள். வரைபடத்தில் எங்கள் மருத்துவமனைக் கோடு லேசாகத் தலைகுனிந்திருக்கிறது. இயக்குநர் அதைத் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்றுச் சாயங்காலம் செருப்பைக் கழற்றினேன். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. பதறிக்கொண்டு உள்ளே போனேன். சமையலறையிலிருந்து மாமா வந்தார். கைத்தடி இல்லை, சுவரைப் பிடிக்கவில்லை. கைக்கு ஒரு டம்ளராக இரண்டு காபி. தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இந்தாம்மா. இனிமே கூட்டணி" என்றார்.

வாங்கிக்கொண்டேன். சர்க்கரை போட மறந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுசாகக் குடித்தேன்.